உள்பக்கம் பார்த்துத் தையுங்கள்!



போன இதழில் பழைய கைத்தறிப் புடவைகளைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதமும் கைபேசிச் செய்தியுமாக வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேருக்கு மேல் கேட்டிருப்பது ஒரே விஷயம்தான். "பெண்ணுக்கு இது ஏழாவது மாசம். பிறக்கப் போகிற குழந்தைக்கு நம் கையாலே என்ன தைக்கலாம்? மெஷின் ஓட்டத் தெரியும், கட்டிங் அவ்வளவாக வராது." கட்டிங் வராதவர்களுக்கும் வரும்படியான ஒரு சட்டையை இன்று சொல்லப் போகிறேன். கூடவே ஒரு விரிப்பு, அன்பளிப்பாகக் கொடுக்க ஒன்றிரண்டு சாமான்கள்.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். கடையில் வாங்கிய குழந்தைச் சட்டை ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். வெளியே வாத்தும் முயலும் பூவுமாகக் கண்ணைப் பறிக்கும். உள்ளே? எம்பிராய்டரிக்குப் பின்னால் சொரசொரவென்று ஒரு ஒட்டுத் துணி, முடிச்சு முடிச்சாக நூல், பிடரியில் உறுத்துகிற கம்பெனிச் சீட்டு, அக்குளில் கயிறு மாதிரித் தடித்துப்போன மூட்டு. நாம் பார்ப்பது வெளிப்பக்கம். குழந்தை உடுத்துவது உள்பக்கம். "குத்துகிறது அம்மா" என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது, அழத்தான் தெரியும். நாமோ பசியா, வயிற்று வலியா, யார் கண் பட்டதோ என்று உப்பு மிளகாயைத் தேடிக்கொண்டு போவோம்!

அதனால் குழந்தைக்குத் தைக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். உள்பக்கம் பார்த்துத் தையுங்கள். வெளிப்பக்கம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

துணி எப்படி?

பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணியைத்தான் சுற்றவேண்டும் என்று பல வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். சாஸ்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் நல்ல நியாயம் இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் இருக்கும், பளபளப்புக்காகப் போட்ட மருந்தும் இருக்கும். நூறு தடவை துவைத்து வெயிலில் காய்ந்த நாலு முழ வேட்டியில் அதெல்லாம் எப்போதோ போய்விட்டது. வியர்வையை உறிஞ்சும், காற்றும் போய் வரும்.

வேட்டியையோ பழைய பருத்திப் புடவையையோ வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சல்லடையாகத் தெரிகிற இடத்தை விட்டுவிட்டு, நூல் நெருக்கமாக இருக்கிற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கலர்த் துணியானால் ஒரு ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது குழந்தைக்கு வேண்டாம். வாயில் வைத்துச் சப்பாத குழந்தை எங்கே இருக்கிறது?

புதுத் துணிதான் வாங்குவேன் என்றால் மல், வாயில், காம்ப்ரிக் இதில் ஏதாவது வாங்குங்கள். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் சோப்புப் போட்டுத் துவைத்து, காய்ந்ததும் இஸ்திரி போட்டு அப்புறம்தான் கத்திரியை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி, சட்டை பொம்மைக்குத்தான் ஆகும். நைலானும் பாலியெஸ்டரும் நம் ஊர் உஷ்ணத்துக்கு வேண்டவே வேண்டாம். வேர்க்குருவுக்கு அதுவே காரணமாகிவிடும்.

பெட்டியைத் திறக்குமுன்...

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய துணி என்றதும் பரண் மேலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்குவோம். திறந்ததும் 'குப்'பென்று பாச்சை உருண்டை வாசனை! நமக்கு அது பழகின வாசனை. சில குழந்தைகளுக்கு அது விஷம்.

பாச்சை உருண்டைகளில் பெரும்பாலும் இருப்பது நாப்தலின். பிறவியிலேயே ரத்தத்தில் ஜி6பிடி என்ற பொருள் குறைவாக இருக்கிற குழந்தைகள் உண்டு. ஆண் குழந்தைகளுக்கு இது அதிகம். பார்த்தால் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் இருப்பார்கள். நாப்தலின் ஏறிய துணியைச் சுற்றினால் இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக வந்துவிடும். பச்சைக் குழந்தைக்குக் காமாலை அளவுக்கு மேல் ஏறினால் மூளையையே பாதிக்கும். நம் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா இல்லையா என்று பிறந்த அன்றே எந்த வீட்டில் தெரிகிறது? ஆகவே பாச்சை உருண்டை போட்ட பெட்டித் துணி பிறந்த குழந்தைக்கு வேண்டாம். எத்தனை ஆசையான பாட்டி புடவையானாலும் சரி. கொடியில் தினமும் காய்கிற துணியே உத்தமம்.

குழந்தைத் துணிகளை எடுத்து வைக்கவும் பாச்சை உருண்டை போடாதீர்கள். காய்ந்த வேப்பிலையையோ வசம்புத் துண்டையோ ஒரு துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடுங்கள். மாசம் ஒரு தடவை வெயிலில் உலர்த்தினால் பூச்சி அண்டாது.

"அதுக்குள்ளே என்ன அவசரம்?"

குழந்தை பிறக்குமுன் அதற்கென்று எதையும் தைக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்பது பல வீடுகளில் வழக்கம். "அதுக்குள்ளே என்னம்மா அவசரம்? நல்லபடியா கையிலே வரட்டும்" என்று மாமியார் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். எத்தனையோ குழந்தைகளைப் பறிகொடுத்த காலத்தில் வந்த பயம் அது. துணியைத் துவைத்து மடித்து வைப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. அளவைக் காகிதத்தில் வெட்டி ஒரு டைரிக்குள் வையுங்கள். குழந்தை பிறந்த பிறகு, கை பழகினவர்களுக்கு மத்தியானத்தில் ஒரு மணி நேரம் போதும், ஒரு சட்டை தயார்.

குறுக்குக் கட்டுச் சட்டை

பிறந்ததிலிருந்து மூன்று மாசம் வரை போடலாம். தலை வழியாக மாட்ட வேண்டியதில்லை. தலை நிற்காத குழந்தையை விரித்த சட்டையின் மேல் படுக்கவைத்து, கையை நுழைத்து, இரண்டு முன்பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துப் பக்கவாட்டில் கட்டிவிடலாம். முடிச்சு முதுகில் வராது, உறுத்தாது.

பின்பக்கத்துக்கு: 18 அங்குல அகலம், 12 அங்குல நீளம். இதை அகலத்தில் இரண்டாக மடித்தால் 9-க்கு 12 இருக்கும். மடிப்பு உங்கள் இடது கைப் பக்கம் இருக்கட்டும். மேல் ஓரத்தில் மடிப்பிலிருந்து 2 அங்குலம் தள்ளிப் புள்ளி வைத்து, மடிப்பில் அரை அங்குலம் இறக்கிக் கழுத்தை வளைத்து வெட்டுங்கள். இனி வலது ஓரம். மேலிருந்து நாலரை அங்குலம் கீழே இறங்குங்கள், இது கையின் அகலம். அங்கிருந்து உள்ளே மூன்றே முக்கால் அங்குலம் வந்து, நேராகக் கீழே வரை வெட்டி அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள். அக்குள் மூலை மட்டும் லேசாக வளைந்திருக்கட்டும். துண்டை எறிந்துவிடாதீர்கள், வேலை இருக்கிறது.

முன்பக்கத்துக்கு: 12-க்கு 12 அங்குலத்தில் இரண்டு சதுரம். ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். பிரிண்ட் துணியானால் பிரிண்ட் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கட்டும். மடித்த பின்பக்கத்தை இதன் மேல் வையுங்கள். அதன் மடிப்பு, சதுரத்தின் இடது ஓரத்திலிருந்து 3 அங்குலம் உள்ளே தள்ளி இருக்கவேண்டும். கையும் பக்கமும் அப்படியே அதே அளவில் வெட்டலாம். கழுத்துக்கு மட்டும், பின்கழுத்துப் புள்ளியிலிருந்து இடது ஓரத்தில் 6 அங்குலம் கீழே வரை ஒரு சாய்கோடு போட்டு வெட்டுங்கள். அவ்வளவுதான் கட்டிங்!

45 அங்குல அகலத் துணியில் 12 அங்குலம் எடுத்தாலே ஒரு சட்டை வந்துவிடும். ஒரு மீட்டரில் மூன்று சட்டை. நாலு முழ வேட்டியில் கிழிசல் போக மூன்று நாலு சட்டையும், மிச்சத்தில் சில நாப்கின்களும் தேறும்.

இப்போது தையல். மெஷினில் 11-ம் நம்பர் ஊசி, பருத்தி நூல். வழக்கமாக நல்ல பக்கங்களைச் சேர்த்து வைத்து மூட்டுவோம் இல்லையா? இதில் தலைகீழ். உள்பக்கங்கள் இரண்டையும் சேர்த்து வைத்துத் தோளையும் பக்கங்களையும் அரை அங்குலம் விட்டு மூட்டுங்கள். மூட்டின பிசிர் வெளியே நிற்கும். ஒரு ஓரத்தைக் கால் அங்குலமாகக் குறைத்து, மற்றதை அதன் மேல் மடித்துப் படியத் தைத்துவிடுங்கள். உள்ளே தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். கீழ் விளிம்பும் கை விளிம்பும் வெளிப்பக்கமாகவே மடிந்து வரட்டும். கழுத்துக்கும் முன் ஓரங்களுக்கும் குறுக்கே வெட்டிய ஒன்றேகால் அங்குலப் பட்டையை உள்பக்கம் வைத்துத் தைத்து, வெளியே திருப்பி மடித்துத் தையுங்கள். வேறு கலர்ப் பட்டையானால் அதுவே அலங்காரம்.

எடுத்து வைத்த துண்டுகளில் இரண்டை நீளவாக்கில் ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்டினால் நாலு நாடா கிடைக்கும். மடித்துத் தைத்து, மேலே வருகிற முன்பக்க ஓரத்தில் இரண்டு, அதற்கு எதிர்ப் பக்கவாட்டில் இரண்டு வையுங்கள். ஒரு ஜோடி மார்பு உயரத்தில், ஒரு ஜோடி வயிற்று உயரத்தில். கழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் நாடா வரவே கூடாது. அமெரிக்காவில் குழந்தைச் சட்டைகளின் கழுத்து நாடா எங்கேயாவது மாட்டி இறுக்கிப் பல உயிர்கள் போன பிறகு, 1996-ல் அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தலைப் பக்கமும் கழுத்துப் பக்கமும் நாடாவே வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நாமும் அதைப் பின்பற்றினால் என்ன குறைந்துவிடும்? பட்டன், மணி, ஊக்கு எதுவும் வேண்டாம். பிய்ந்து வருவது நேரே வாய்க்குத்தான் போகும்.

தைத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு சட்டையின் உள்பக்கத்தை உங்கள் கன்னத்தில் தேயுங்கள். விரலுக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும்.

ஒரு நூல் செய்த வேலை

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று மாசக் குழந்தை ஒரு ராத்திரி விடாமல் அழுதது. பால் குடிக்கவில்லை, தோளில் போட்டாலும் அடங்கவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், விபூதி இட்டார்கள். கடைசியில் பாட்டிதான், "எல்லாத்தையும் கழட்டுடி, பூச்சி கீச்சி கடிச்சிருக்கப் போறது" என்றாள். யாரோ ஆசையாகப் பின்னிக் கொடுத்த காலுறையைக் கழற்றினால், அதன் உள்ளே இருந்த ஒரே ஒரு பிசிர் நூல் குழந்தையின் இரண்டாவது கால் விரலைச் சுற்றி இறுக்கி, விரல் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. நூல் சதைக்குள் புதைந்துபோய் இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வெட்டி எடுத்தார். விரல் பிழைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் ரத்த ஓட்டம் நின்று விரலே போயிருக்கும் என்றாராம்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. கையுறை, காலுறை தைத்தால் மூட்டை வெளிப்பக்கம் விட்டுத் தையுங்கள். ஒவ்வொரு தடவை போடுமுன்னும் திருப்பிப் பார்த்து, பிசிர் இருந்தால் வெட்டிவிடுங்கள். முகத்தைக் கீறிக்கொள்ளுமே என்பதற்காக நாள் பூராக் கையுறை மாட்டுவதைவிட, தூங்கும்போது நகத்தை வெட்டிவிடுவதே நல்லது. நூல் மட்டும் அல்ல, தலைமுடியும் இப்படிச் சுற்றிக்கொள்ளும். பிரசவமான சில மாதங்களில் தாய்மார்களுக்கு முடி கொத்துக் கொத்தாக உதிருமே, அந்த முடிதான். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் கைவிரல், கால்விரல் பத்தும் பத்தும் இருபதையும் பாருங்கள். ஆண் குழந்தையானால் குறியையும் பாருங்கள். சுற்றியிருப்பது சுலபமாக வராவிட்டால் நோண்டிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

புடவை விரிப்பு

வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, நெருக்கமாக நூலோட்டிப் போர்வை செய்வார்கள். காந்தா என்று பெயர். நூலைக்கூட அந்தக் காலத்தில் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம்! வட கர்நாடகத்தில் இதையே ஒட்டுத் துணிகளில் கௌதி என்று தைக்கிறார்கள். நாமும் செய்யலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

சுங்குடியோ வேறு மெத்தென்ற பருத்திப் புடவையோ எடுத்து, ஜரிகைக் கரையை வெட்டி நீக்கிவிடுங்கள். 30-க்கு 36 அங்குலத்தில் நாலு துண்டுகள். கொஞ்சம் மங்கின துண்டுகள் நடுவில், நல்ல துண்டுகள் மேலும் கீழும். பாயில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, பெரிய தையலாகக் குறுக்கும் நெடுக்கும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு விரல்கடை இடைவெளியில் வரிவரியாக நூலோட்டுங்கள். வரி விட்டுப் போனால் துவைக்கும்போது உள் துணி சுருண்டு கட்டி கட்டியாகிவிடும். ஓரத்தைப் பட்டை வைத்து மடித்தால் முடிந்தது. ராத்திரி டீவி பார்க்கிற நேரத்தில் பத்துப் பதினைந்து நாளில் முடித்துவிடலாம்.

இது குழந்தைக்குக் கீழே விரிக்க, மடியில் போட, வெளியே தூக்கிப் போகும்போது சுற்றிக்கொள்ள. தூங்குகிற குழந்தையின் மேல் போர்த்த அல்ல! குழந்தையை மல்லாக்கவே படுக்கவைக்கவேண்டும். குப்புறப் படுக்கவைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 1992-ல் சொன்னது. அதற்குப் பிறகு அங்கே தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது வெகுவாகக் குறைந்தது. முதல் வருஷம் தளர்வான போர்வை, தலையணை, பஞ்சு பொம்மை எதுவும் படுக்கையில் வேண்டாம் என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். மூக்கை மூடினால் தள்ளிவிடத் தெரியாத வயசு அது. குளிர் என்றால் உள்ளே இன்னொரு சட்டை போட்டால் போயிற்று.

பட்டுப் பாவாடைக்கும் இதே சட்டம்

ஒரு வயசு தாண்டிய பெண் குழந்தைக்கு அம்மாவின் பழைய பட்டுப் புடவையில் பாவாடை தைக்க ஆசை இல்லாதவர் யார்? தையுங்கள். ஆனால் ஜரிகையின் பின்பக்கம் அரம் மாதிரி அறுக்கும். உள்ளே இடுப்பிலிருந்து பாதம் வரை மல் துணியில் லைனிங் கொடுங்கள். இடுப்புக்கு நாடா போட்டு இறுக்காமல், ரவிக்கைத் துணியில் பாடி வைத்துத் தைத்தால் தோளில் தொங்கும், வயிற்றில் தடம் விழாது. கீழே ஒன்றரை அங்குலத்தில் மூன்று டக் பிடித்துவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு டக் பிரித்தால், ஒவ்வொன்றும் மூன்று அங்குலம் இறங்கும். மூன்று தீபாவளி கட்டலாம்! ஆனால் பட்டாசுக்குப் போகும்போது கழற்றி, உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டை போட்டு அனுப்புங்கள். பருத்தியும் தீப்பிடிக்கும்தான். நைலானோ உருகித் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். தொளதொளவென்று விரிகிற எந்தப் பாவாடையும் மத்தாப்புக்கு ஆகாது.

அன்பளிப்பாக என்ன கொடுக்கலாம்?

பேர் வைக்கிற விசேஷத்துக்குப் போகிறோம் என்றால், எல்லோரும் பிறந்த குழந்தை அளவிலேயே கொண்டுவருவார்கள். நீங்கள் ஆறு மாச அளவில் தையுங்கள். மேலே சொன்ன சட்டையையே அகலம், நீளம், கை எல்லாவற்றிலும் இரண்டிரண்டு அங்குலம் கூட்டினால் போதும். ஆறு எச்சில் துணிகளை வைத்துக் கட்டிக் கொடுத்தால் அந்த அம்மா உங்களைத் தினமும் நினைப்பாள். துணி பொம்மையானால் கண்ணுக்குப் பட்டன் வைக்காமல் நூலாலேயே தைத்துவிடுங்கள். பொம்மைக்குள் துவைத்த துணி வெட்டல்களை அடைத்து, இரட்டைத் தையல் போடுங்கள்.

வாசகியர் கேட்டவை

*கும்பகோணம் வாசகி ஒருவர்: "தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை தைத்துக் கொடுக்கலாமா?"*

வேண்டாம், சகோதரி. முதல் வருஷம் எந்தத் தலையணையும் வேண்டாம். தையல் விட்டால் கடுகு மூக்கிலும் வாயிலும் போகும் ஆபத்து வேறு. ஒரே பக்கம் திரும்பிக் கிடக்காமல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிவிட்டு, விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து சற்று நேரம் குப்புறப் போட்டால் தலை தானே சீராகும்.

*திருநெல்வேலி வாசகி ஒருவர்: "எங்களிடம் மெஷின் இல்லை. கையால் தைத்தால் தாங்குமா?"*

தாராளமாகத் தாங்கும். மூட்டுகிற இடத்தில் பின்தையல் போடுங்கள். முடிச்சை மட்டும் வெளிப்பக்கம் போடுங்கள். முடிச்சும் ஒரு கல்தான், குழந்தைத் தோலுக்கு!

அடுத்த இதழில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சீருடையை இன்னும் ஒரு வருஷம் இழுப்பது எப்படி என்று பார்க்கலாம். அதற்குள் ஒரு சட்டையாவது தைத்து, திருப்பிப் பார்த்து, எப்படி வந்தது என்று எழுதுங்கள்.